பழகப் பழக இனிக்கும் ஜாஸ் இசைத்தட்டுகள்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

முன்னுரை

"பழகப் பழகப் பாலும் புளிக்கும்" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆசையுடன் வாங்கிய சட்டை நான்கு சலவையில் பழையதாகி விடுகிறது. ஊரெல்லாம் ஒலித்த திரைப்படப் பாடல் ஆறு மாதத்தில் அலுத்து விடுகிறது. ஆனால் அறுபது ஆண்டுகளுக்கு முன் வாசிக்கப்பட்டு, இன்றும் உலகின் பல மூலைகளில் இரவு நேரத்தில் மக்கள் விரும்பிக் கேட்கும் இசை ஒன்று உண்டு. அதுவே அமெரிக்க நாட்டில் பிறந்த ஜாஸ் இசை.

அலுப்பும் கவலையும் மனத்தை அழுத்தும்போது இதை ஆறுதலுக்காகக் கேட்போர் பலர். அவ்வாறு கேட்கப்படும் இசைத்தட்டுகளுள் ஆறினை இக்கட்டுரையில் காண்போம். அவற்றை வாசித்தவர் யாவர், எந்தச் சூழ்நிலையில் வாசித்தனர், அவை ஏன் பழையன ஆவதில்லை என்பவற்றையும் ஆராய்வோம்.

ஜாஸ் என்பது யாது?

ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகளின் வழித்தோன்றல்கள், அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் துறைமுக நகரில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உருவாக்கிய இசையே ஜாஸ். பருத்திக் காட்டில் வேலை செய்தபோது பாடிய பாட்டு, ஆலயத்தில் பாடிய பக்திப் பாட்டு, துயரத்தைப் பாடும் 'ப்ளூஸ்' பாட்டு, ஊர்வலங்களில் முழங்கிய பித்தளை வாத்தியம் ஆகிய யாவும் அதில் கலந்தன.

ஜாஸ் இசையின் உயிர் மனோதர்மம். நம் கர்நாடக இசையில் பாடகர் ஒரு கீர்த்தனையைப் பாடிவிட்டு, அதன் ஒரு வரியை எடுத்து நிரவல் செய்வதையும் கற்பனை ஸ்வரம் பாடுவதையும் கேட்டிருக்கிறோம். ஜாஸிலும் முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசிப்பர். பிறகு ஒவ்வொருவராக அந்த மெட்டின் மீது தம் கற்பனையை விரிப்பர். இறுதியில் மீண்டும் மெட்டுக்குத் திரும்புவர். நாளை அதே பாடலை அதே குழு வாசித்தாலும் இன்று வாசித்தது திரும்ப வராது. ஆகவே ஒரு ஜாஸ் இசைத்தட்டு என்பது ஒரு நாளில், ஓர் அறையில், சிலர் ஒருவருடன் ஒருவர் பேசிக்கொண்டதைப் பிடித்து வைத்த பதிவு ஆகும்.

'ஆல்பம்' என்ற சொல்லின் கதையும் சுவையானது. முற்காலத்து இசைத்தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழலும். ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடமே பாடும். பல தட்டுகளை ஒன்றாக விற்க, புகைப்பட ஆல்பத்தைப் போல் அட்டையும் உறைகளும் கொண்ட புத்தகம் செய்தனர். அப்பெயரே நிலைத்துவிட்டது. 1948 ஆம் ஆண்டில் கொலம்பியா நிறுவனம் நிமிடத்திற்கு முப்பத்து மூன்றே கால்பங்குக்குச் சற்று மேல், அதாவது 33 1/3 முறை சுழலும் நீண்ட நேர இசைத்தட்டை வெளியிட்டது. அதன் ஒரு பக்கம் இருபது நிமிடத்திற்கு மேல் பாடியது. மூன்று நிமிடத்தில் மூச்சுத் திணறிய ஜாஸ் கலைஞர்களுக்கு அது பெரும் வரமாயிற்று. நாம் காணப்போகும் தட்டுகள் யாவும் அவ்வரத்தால் விளைந்தவையே.

1. எல்லா அண்ட் லூயி (1956)

ஜாஸ் பழக விரும்புவோர் இதிலிருந்து தொடங்குவது நன்று. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் சேர்ந்து பாடிய பதினொரு காதல் பாடல்கள் இதில் உள்ளன. எல்லாவின் குரல் நிலா வெளிச்சம் போன்றது. லூயியின் குரலோ சரளைக் கல்லின் மேல் மாட்டு வண்டி உருள்வது போன்றது. இவ்விரண்டும் எப்படிச் சேரும் என்று வியப்போம். வெல்லமும் இஞ்சியும் சேர்வது போல் அவை சேர்ந்துவிடுகின்றன! ஆஸ்கார் பீட்டர்சன் பியானோவில் அடக்கமாகத் துணை வாசிக்கிறார்.

இவ்வளவு மகிழ்ச்சியாகப் பாடும் இருவரும் இன்பத்தில் வளர்ந்தவர்களா? இல்லை. லூயி நியூ ஆர்லியன்ஸ் நகரின் மிக ஏழ்மையான பகுதியில் பிறந்தார். பதினோரு வயதில் புத்தாண்டு இரவில் தெருவில் துப்பாக்கியால் வானை நோக்கிச் சுட்டதற்காகச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அங்கேதான் அவர் ஊதுகருவியைச் செம்மையாகக் கற்றார். தாம் பிறந்தது 1900 ஜூலை 4 என்றே அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தார். 1971 இல் அவர் மறைந்த பின்னரே, அந்நகரின் கத்தோலிக்க ஆலயம் ஒன்றின் ஞானஸ்நானப் பதிவேட்டில் 1901 ஆகஸ்ட் 4 என்ற சரியான நாள் கண்டறியப்பட்டது. உலகம் போற்றிய மனிதரின் பிறந்த நாளை ஓர் ஆலயத்தின் பழைய ஏடு காத்து வைத்திருந்தது!

எல்லா பதினைந்து வயதளவில் தாயை இழந்தார். அவரும் சீர்திருத்தப் பள்ளியில் துன்புற்று, அங்கிருந்து தப்பியோடி, நியூயார்க் தெருக்களில் அலைந்தார். 1934 நவம்பரில் அப்பல்லோ அரங்கில் புதியவர்களுக்கான போட்டி நடந்தது. நடனமாடவே அவர் பெயர் கொடுத்திருந்தார். மேடையேறியதும் மனத்தை மாற்றிக்கொண்டு பாடினார். பரிசு பெற்றார். அப்போது அவருக்கு வயது பதினேழு. ஏறத்தாழ நம் பள்ளியின் மூத்த மாணவியரின் வயது.

புகழ் வந்த பின்னும் நிறவெறி அவரை விடவில்லை. 1955 அக்டோபரில் ஹூஸ்டன் நகரில், கறுப்பரும் வெள்ளையரும் கலந்து அமரும்படி ஏற்பாடு செய்யப்பட்ட கச்சேரியின் நடுவே, போலீசார் அவரது ஒப்பனை அறைக்குள் புகுந்து, சூதாட்டக் குற்றம் சாட்டி, அவரையும் மற்றவரையும் காவல் நிலையத்துக்குக் கொண்டு சென்றனர். அங்கே போனதும் அவர்களே அவரிடம் கையெழுத்து வேண்டினராம்! அடுத்த ஆண்டில் பதிவானதே இந்த இசைத்தட்டு. இதில் கசப்பின் சாயல் சிறிதும் இல்லை.

2. கைண்ட் ஆஃப் ப்ளூ (1959)

ஜாஸ் இசைத்தட்டுகளின் அரசி எது என்று கேட்டால் பெரும்பாலோர் இதனையே சுட்டுவர். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் இதன் தலைவர். ஜான் கோல்ட்ரேனும் கேனன்பால் ஆடர்லியும் சாக்ஸபோன், பில் எவன்ஸ் பியானோ, பால் சேம்பர்ஸ் பாஸ், ஜிம்மி காப் டிரம்ஸ். ஒரு பாடலுக்கு மட்டும் விண்டன் கெல்லி பியானோ வாசித்தார். 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாள்களில், நியூயார்க் நகரில் முன்பு ஆலயமாக இருந்த ஒரு கட்டடத்தில் இது பதிவாயிற்று. அதன் உயர்ந்த கூரை ஒலிக்குத் தனி அழகைத் தந்தது.

இதன் புதுமையை நாம் எளிதில் புரிந்துகொள்ளலாம். அதற்கு முந்தைய ஜாஸில், பின்னணியில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள் விரைவாக மாறிக்கொண்டே இருக்கும். வாசிப்பவர் ஓடும் இரயிலைத் துரத்துவது போல் அவற்றைத் துரத்த வேண்டும். மைல்ஸ் இந்த ஓட்டத்தை நிறுத்தினார். ஒரே ஸ்வர வரிசையில் நெடுநேரம் நின்று, அதற்குள் அழகைத் தேடுங்கள் என்றார். இது நம் ராக ஆலாபனைக்கு மிக அருகில் வரும் கருத்தன்றோ?

'சோ வாட்' என்னும் முதல் பாடலை எடுத்துக்கொள்வோம். அதன் மெட்டு 32 அளவுகள் கொண்டது. முதல் 16 அளவுகள் 'டோரியன்' என்னும் ஸ்வர வரிசையில் அமைந்தவை. அடுத்த 8 அளவுகளில் அதே வரிசை அரை ஸ்வரம் மேலே ஏறுகிறது. கடைசி 8 அளவுகளில் பழைய இடத்துக்கு இறங்குகிறது. டோரியன் வரிசையின் ஸ்வரங்களைப் பாடிப் பார்த்தால் அவை கரகரப்பிரியாவின் ஸ்வரங்களே! கமகம் இல்லாததால் அதை ராகம் என்று சொல்ல முடியாது. ஆயினும் பாட்டு வகுப்புக்குச் செல்லும் தோழியர் அதைக் கேட்டவுடன், தெரிந்த வீட்டின் திண்ணையில் உட்கார்ந்ததைப் போல் உணர்வர்.

வாசிக்க வேண்டிய குறிப்புகளை மைல்ஸ் மிகச் சுருக்கமாகவே, பதிவுக்குச் சற்று முன்னர்தான் கொடுத்தார். பெரும்பாலான பாடல்கள் முழுதாக வாசிக்கப்பட்ட முதல் தடவையே பதிவாகிவிட்டன. மெல்லிய தாளின் மேல் தூரிகையை நிறுத்தாமல் தீட்டும் ஜப்பானிய ஓவியத்துக்கு இம்முறையை ஒப்பிட்டு, தட்டின் உறையில் பில் எவன்ஸ் எழுதினார். தயங்கினால் தாள் கிழிந்துவிடும். தீட்டிய கோட்டை அழிக்கவும் முடியாது.

ஒலிப்பதிவு இயந்திரம் ஒன்று சற்று மெதுவாக ஓடியதால், முதல் பக்கத்துப் பாடல்கள் மூன்றும் தட்டில் இம்மியளவு சுருதி கூடி ஒலித்தன. இக்குறை 1992 ஆம் ஆண்டு வெளியீட்டில்தான் திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் சுருதி மாறிய தட்டைக் கேட்டே உள்ளம் உருகியிருக்கிறது!

இத்தட்டு 1959 ஆகஸ்ட் 17 இல் வெளிவந்தது. எட்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 25 இரவு, மைல்ஸ் நியூயார்க்கில் தாம் வாசித்துக்கொண்டிருந்த பேர்ட்லேண்ட் அரங்கின் வாயிலில் இடைவேளையில் நின்றிருந்தார். நகர்ந்து போகும்படி ஒரு போலீஸ்காரர் கூறினார். "நான் இங்கே வேலை செய்கிறேன்" என்னும் பொருள்பட மைல்ஸ் விடை கூறினார். சற்று நேரத்தில் அவர் தலையில் தடியடி விழுந்தது. இரத்தம் தோய்ந்த உடையுடன் கைது செய்யப்பட்டார். பிறகு நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. உலகின் மிக அமைதியான இசைத்தட்டைத் தந்த மனிதருக்கு அந்த மாதத்தில் கிடைத்தது இதுதான். ஐம்பது ஆண்டு கழித்து, 2009 டிசம்பரில், அமெரிக்க மக்கள் பிரதிநிதிகள் சபை இத்தட்டைப் பாராட்டி எதிர்ப்பின்றித் தீர்மானம் நிறைவேற்றியது. மைல்ஸ் 1991 லேயே மறைந்துவிட்டார்.

3. டைம் அவுட் (1959)

அதே ஆண்டின் இறுதியில் வெளிவந்த மற்றொரு தட்டு இது. டேவ் புரூபெக் கலிபோர்னியாவில் மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவர். குதிரையின் குளம்பொலிக்கும் நீர் இறைக்கும் இயந்திரத்தின் ஒலிக்கும் இடையே மனத்துக்குள் தாளம் போட்டுப் பழகியவர். 1958 இல் அமெரிக்க அரசின் சார்பில் அவரது குழு பல நாடுகளுக்குச் சென்றது. துருக்கியில் தெரு இசைக்கலைஞர்கள் ஒன்பது எண்ணிக்கையில் வாசித்ததைக் கேட்டு அவர் மயங்கினார். அப்பயணத்தில் அவர் நம் நாட்டுக்கும் வந்தார்; சென்னையிலும் வாசித்தார்.

மேல்நாட்டு மக்களின் காதுக்கு மூன்றும் நான்குமே பழக்கமான தாளங்கள். 'டேக் ஃபைவ்' பாடலோ ஐந்தில் நடக்கிறது. "தகிட தக, தகிட தக" என்று சொல்லிக்கொண்டு கேட்டால் அது நமக்குக் குழந்தை விளையாட்டு. நம் கண்ட சாபு தாளம் இரண்டும் மூன்றுமாக நடக்கும். இது மூன்றும் இரண்டுமாக நடக்கிறது. 'ப்ளூ ரோண்டோ' பாடலில் ஒன்பதை இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்று பிரிக்கின்றனர். மேல்நாட்டார் புதுமை என்று வியந்ததை நாம் பக்கத்து வீட்டுப் பிள்ளையாக வரவேற்கலாம்.

'டேக் ஃபைவ்' பாடலை இயற்றியவர் குழுவின் சாக்ஸபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட். அவர் 1977 இல் இறந்தபோது அப்பாடலின் வருமானம் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குச் சேரும்படி உயில் எழுதி வைத்திருந்தார். ஒரு பாட்டு நோயாளிகளுக்கும் வெள்ளத்தில் வீடிழந்தோருக்கும் உதவுகிறது! அக்குழுவின் பாஸ் கலைஞர் யூஜின் ரைட் கறுப்பர். அவர் இருந்தால் கச்சேரி கூடாது எனத் தென்பகுதிக் கல்லூரிகள் பல கூறியபோது, புரூபெக் தம் 1960 ஆம் ஆண்டுப் பயணத்தின் பெரும்பாலான கச்சேரிகளை விட்டுக்கொடுத்தார், நண்பரை விட்டுக்கொடுக்கவில்லை. அவர் 1980 இல் திருப்பலிக்கு இசை அமைத்து, அதன் பின் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார் என்பதும் நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

4. வால்ட்ஸ் ஃபார் டெபி (1961 இல் பதிவு)

'கைண்ட் ஆஃப் ப்ளூ' தட்டில் பியானோ வாசித்த பில் எவன்ஸ், தம் சொந்தக் குழுவுடன் வாசித்தது இது. ஸ்காட் லஃபாரோ பாஸ், பால் மோஷன் டிரம்ஸ். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் 'வில்லேஜ் வான்கார்டு' என்னும் நிலவறை அரங்கு. மதியம் இரு முறையும் இரவு மூன்று முறையும் அவர்கள் வாசித்தனர். தட்டின் பெயர்ப் பாடல் எவன்ஸ் தம் அண்ணன் மகளான டெபி என்ற சிறுமிக்காக இயற்றியது.

பாஸ் என்பது ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் பெரிய தந்தி வாத்தியம். அதுவரை அது வீட்டின் அஸ்திவாரம் போல் அடியில் கிடந்து தாளத்தைத் தாங்கும். லஃபாரோ அதைப் பேச வைத்தார். பியானோ ஒன்று சொல்ல, பாஸ் மறுமொழி கூறும். தலைவர் என்றும் துணைவர் என்றும் வேறுபாடின்றி மூவரும் உரையாடுவதை இத்தட்டில் கேட்கலாம்.

பதினொரு நாள் கழித்து, ஜூலை 6 ஆம் நாள், லஃபாரோ கார் விபத்தில் இறந்தார். அவருக்கு வயது இருபத்தைந்து. எவன்ஸ் பல மாதங்கள் எங்கும் வாசிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையில் பதிவானவற்றிலிருந்து முதலில் ஒரு தட்டும், 1962 இல் இந்தத் தட்டும் வெளிவந்தன. பதிவாகும்போது அந்த அறையில் இருந்தோர் எவருக்கும் அது கடைசி வாய்ப்பு எனத் தெரியாது. தட்டைக் கவனித்துக் கேட்டால், பார்வையாளர்கள் தாழ்ந்த குரலில் பேசுவதும், கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று படுவதும் கேட்கும்.

இங்கே என் வீட்டுச் செய்தி ஒன்றைக் கூற விரும்புகிறேன். என் அப்பாயி பக்கவாதத்தால் ஓராண்டுக் காலம் படுக்கையில் இருந்தார்கள். ஆங்கிலம் அறியாதவர்கள், ஜாஸ் என்ற பெயரையே கேட்டிராதவர்கள். இரவில் தூக்கம் வராமல் தவிப்பார்கள். என் தந்தை அடுத்த அறையில் இத்தட்டை மெதுவாக வைப்பது வழக்கம். ஒரு நாள் அப்பாயி என்னை அழைத்து, "யார் வீட்டிலே விருந்து? டம்ளர் சத்தம் கேட்குதே" என்றார்கள். நான் விளக்கிச் சொன்னேன். அன்று முதல், "அந்த விருந்து வீட்டுப் பாட்டை வைக்கச் சொல்லு பாப்பா" என்று தினமும் கேட்பார்கள். ஜெபமாலை முடிந்ததும் அதுதான். இரண்டாம் பாடலுக்குள் கண் அயர்ந்துவிடுவார்கள். "தனியா இருக்கிற மாதிரியே தோணலை. பத்துப் பேர் பக்கத்திலே உட்கார்ந்து பேசிக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கு" என்று ஒரு முறை என் தாயிடம் கூறினார்கள். சென்ற ஆண்டுத் தவக்காலத்தில் அவர்கள் இறைவனடி சேர்ந்தார்கள். இசை ஆய்வாளர் பலர் இத்தட்டைப் பற்றி எழுதியிருக்கக்கூடும். என் அப்பாயி கூறியதைவிடச் சரியாக எவரும் கூற முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

5. எ லவ் சுப்ரீம் (1965)

'கைண்ட் ஆஃப் ப்ளூ' தட்டில் சாக்ஸபோன் வாசித்த ஜான் கோல்ட்ரேனின் இரு பாட்டனார்களும் ஆலயப் போதகர்கள். அவர் சிறுவயதில் தந்தையை இழந்தார். இளமையில் போதைப் பொருளுக்கும் மதுவுக்கும் அடிமையானார். 1957 இல் அவற்றை உதறிவிட்டார். இறைவன் அருளால் தமக்குப் புதுவாழ்வு கிடைத்ததாக அவரே எழுதியுள்ளார். அதற்கான நன்றிக் காணிக்கையே இத்தட்டு. 1964 டிசம்பர் 9 அன்று ஒரே நாளில் பதிவாயிற்று.

இதில் நான்கு பகுதிகள் உள்ளன: ஏற்பு, உறுதி, தேடல், திருப்பாடல் எனத் தமிழில் கூறலாம். முதல் பகுதியில் பாஸ் நான்கே ஸ்வரங்கள் கொண்ட ஒரு சிறு சொற்றொடரைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. கோல்ட்ரேன் அந்நான்கு ஸ்வரங்களைப் பன்னிரண்டு சுருதிகளிலும் ஏற்றி இறக்கி வாசிக்கிறார். எத்திசையில் நின்று நோக்கினும் இறைவன் அன்பு ஒன்றே என்று அவர் சொல்வதாக எனக்குப் படுகிறது. கடைசிப் பகுதியில் அவர் தாமே எழுதிய ஜெபத்தைச் சொல்லுக்குச் சொல் சாக்ஸபோனால் உச்சரிக்கிறார். ஜெபம் தட்டின் உறையில் அச்சாகியுள்ளது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால், வாயில்லா வாத்தியம் ஜெபிப்பதைக் கேட்கலாம்.

இத்தட்டு தாலாட்டுப் போல் மென்மையானதன்று. நடுவில் புயலும் இடியும் உண்டு. முதல் முறை கேட்போருக்குச் சற்று அச்சமாகவும் இருக்கும். புயலைக் கடந்து கடைசிப் பகுதியில் வரும் அமைதிக்குத் தனி மதிப்பு உண்டு. கோல்ட்ரேன் 1967 ஜூலை 17 இல் நாற்பதாம் வயதில் ஈரல் புற்றுநோயால் மறைந்தார்.

6. ஜர்னி இன் சச்சிதானந்தா (1971)

கோல்ட்ரேன் மறைந்தபோது அவர் மனைவி ஆலிஸுக்கு வயது இருபத்தொன்பது. நான்கு குழந்தைகள். கணவர் அவருக்காக வாங்க ஏற்பாடு செய்திருந்த 'ஹார்ப்' என்னும் பெரிய யாழ், அவர் மறைந்த பிறகே வீடு வந்து சேர்ந்ததாகக் கூறுவர். தூக்கமிழந்து, உடல் மெலிந்து, துயரத்தில் ஆழ்ந்திருந்த ஆலிஸ், கோயம்புத்தூருக்கு அருகே செட்டிபாளையத்தில் 1914 இல் பிறந்து அமெரிக்காவில் ஆசிரமம் நடத்திய சுவாமி சச்சிதானந்தாவிடம் ஆறுதல் தேடிச் சென்றார். அவர் பெயரால் அமைந்ததே இத்தட்டு. தம்பூராவின் நாதத்தின் மேல் யாழின் ஒலி நீர்வீழ்ச்சியாகப் பொழிகிறது. அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி ஒருவரின் கண்ணீரைத் துடைத்தவர் நம் கொங்கு நாட்டு மண்ணில் பிறந்தவர் என்று எண்ணும்போது உலகம் சிறியதாகிவிடுகிறது.

ஜாஸ் பெண்மணிகளைப் பற்றிப் பேசும்போது மேரி லூ வில்லியம்ஸ் அம்மையாரை மறக்கலாகாது. பேர்பெற்ற பியானோ கலைஞரான இவர் 1954 இல் மேடையை விட்டு விலகி, ஏழைகளுக்கும் நோயுற்ற இசைக்கலைஞர்களுக்கும் தொண்டு செய்தார். 1957 இல் ஞானஸ்நானம் பெற்றார். பெரு நாட்டின் புனித மார்ட்டின் தெ போரஸ் 1962 இல் புனிதராக உயர்த்தப்பட்டபோது அவர் மீது ஒரு கீதம் இயற்றினார். அவர் இயற்றிய ஜாஸ் திருப்பலி 1975 இல் நியூயார்க் புனித பாட்ரிக் பேராலயத்தில் ஒலித்தது.

இவை ஏன் பழையன ஆவதில்லை?

முதற்காரணம், ஒரு தட்டுக்குள் பல தட்டுகள் இருப்பது. இன்று டிரம்பெட்டைத் தொடர்ந்து கேட்கலாம். நாளை பாஸை மட்டும் பின்பற்றலாம். மறுநாள் டிரம்ஸ் கலைஞரின் தூரிகை தோலின் மேல் உராய்வதைக் கேட்கலாம். ஒவ்வொரு முறையும் வேறொரு கதை கிடைக்கும்.

இரண்டாவது, அவற்றில் உள்ள மௌனம். மைல்ஸ் ஒரு ஸ்வரத்தை வாசித்துவிட்டு நிறுத்துவார். அந்த இடைவெளியில் கேட்பவரின் நினைவு போய் அமர்ந்துகொள்கிறது. பத்து வயதில் கேட்கும்போது ஒரு நினைவு, ஐம்பதில் வேறொன்று. தட்டு மாறாவிட்டாலும் நாம் மாறுகிறோம். ஆகவே அதுவும் நம்முடன் வளர்கிறது.

மூன்றாவதே தலையாய காரணம். துன்பத்தை அறியாதவர் கூறும் ஆறுதல் காதோடு நின்றுவிடும். "எல்லாம் சரியாகிவிடும்" என்று அவர் கூறுகையில் நமக்குக் கோபமே வருகிறது. அதே துன்பத்தைத் தாண்டியவர் ஒன்றும் பேசாமல் அருகில் அமர்ந்தாலே போதும், மனம் இறங்குகிறது. தெருவில் அலைந்த எல்லா, அடிபட்ட மைல்ஸ், நண்பனை இழக்கவிருந்த எவன்ஸ், போதையிலிருந்து மீண்ட கோல்ட்ரேன், கணவனை இழந்த ஆலிஸ் ஆகிய யாவரும் அவ்வாறு நம் அருகே வந்து அமர்கின்றனர்.

"இது ஓட்டல்களில் ஆட்டத்துக்கு வாசிக்கும் மேல்நாட்டுச் சத்தந்தானே, நமக்கு எதற்கு?" என்று சில பெரியோர் கேட்கலாம். ஆட்டத்துக்கு வாசித்த ஜாஸும் உண்டு. அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அடிமைப்பட்ட மக்கள் தம் மானத்தைக் காத்துக்கொள்ளப் படைத்த கலை இது என்று அறிந்தபின், அதை அயலார் சத்தம் என்று தள்ளிவிட நமக்கு மனம் வருமா? நம் நாட்டுப்புறப் பாடல்களில் நாற்று நடும் பெண்களின் பெருமூச்சு ஒலிப்பதைப் போல, அதில் பருத்தி பறித்தோரின் பெருமூச்சு ஒலிக்கிறது.

கேட்கும் முறை

தோழியருக்குச் சில யோசனைகள். பாடம் படித்துக்கொண்டே கேட்க வேண்டாம், இரண்டும் பாழாகும். இரவு உணவுக்குப் பின் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு வாரம் முழுவதும் ஒரே தட்டைக் கேளுங்கள். முதல் நாள் மெட்டை மட்டும் மனத்தில் பிடியுங்கள்; பிறகு மெட்டை வாசிப்பவர் எவ்வளவு தூரம் விலகிச் சென்றாலும் வழி தவறமாட்டீர்கள். தாளத்தை விரலால் எண்ணுங்கள். பிடிக்காவிட்டால் ஒரு மாதம் கழித்து மீண்டும் முயலுங்கள். இன்று கைப்பேசியில் விரல் பட்டாலே ஆயிரம் பாடல்கள் வருகின்றன. அதனாலேயே ஒன்றையும் முழுதாகக் கேட்காமல் தாவுகிறோம். ஒரு தட்டை முதலிலிருந்து கடைசி வரை கேட்பது, ஒரு மனிதர் பேசி முடிக்கும் வரை குறுக்கிடாமல் கேட்பதற்குச் சமம்.

முடிவுரை

ஜாஸ் இசையின் தோற்றத்தையும், ஆறு இசைத்தட்டுகளின் வரலாற்றையும், அவை என்றும் புதியனவாக விளங்கும் காரணங்களையும் கண்டோம். ஆறுதல் என்பது துயரத்தை மறைக்கும் திரை அன்று; துயரத்தின் ஊடே பிடித்து நடக்கக் கிடைக்கும் கை. அத்தகைய கை நியூ ஆர்லியன்ஸ் நகரத் தெருவிலிருந்தும் நம்மை நோக்கி நீளக்கூடும். பொதுத்தேர்வு நெருங்கும் இந்நாள்களில் நம்முள் பலருக்கு இரவில் உறக்கம் வருவதில்லை. வீட்டில் நோயுற்ற முதியோர் இருப்பவர்களும் நம்மிடையே உண்டு. அன்புத் தோழியரே, இத்தட்டுகளுள் ஒன்றை அவர்களோடு சேர்ந்து கேட்டுப் பாருங்கள். பழகப் பழகப் பால் புளிக்கலாம்; நல்ல இசை புளிப்பதில்லை!